ஊர்ச் சாப்பாடும் இவ்வூர்ச் சாப்பாடும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு

சிங்கப்பூருக்கு வரும் தமிழருக்குச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. சிராங்கூன் சாலையில் இறங்கி நடந்தால் இட்லியும் வாழையிலைச் சாப்பாடும் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும். கறிவேப்பிலை கிடைக்கவில்லையே என்று யாரும் ஊருக்குத் தொலைபேசியில் புலம்ப வேண்டியதில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, புதிதாக வந்த பலருக்கு முதல் மாதங்களில் துணையிருந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கிடைக்காத பண்டத்துக்காக ஏங்கி இங்கே யாரும் மெலிந்ததில்லை. பழகிய பெயரில் கிடைக்கும் பண்டம் வாயில் வைத்ததும் வேறாக இருப்பதுதான் நம்மவரைத் தடுமாறச் செய்கிறது. அந்த வேறுபாட்டைக் குறையென்று எடுத்துக்கொண்டவர்கள் பத்தாண்டு கழிந்த பிறகும் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி கட்டும்போது

முதலில் கசகசா. குருமாவுக்கு அது இல்லாமல் ஆகாது என்று நினைப்பவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். கசகசா அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் தொடர்பான சட்டங்கள் இங்கே எவ்வளவு கடுமையானவை என்பதை விளக்க வேண்டியதில்லை. முந்திரியையும் தேங்காயையும் சேர்த்து அரைத்தால் குருமா கெட்டியாக வந்துவிடும். ஆறு மாதத்தில் நாக்கும் பழகிவிடும். மெல்லும் புகையிலை, குட்கா வகைகள், சூயிங்கம் ஆகியவற்றுக்கும் அனுமதி இல்லை. வெற்றிலையும் பாக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்கா சந்தையிலேயே கிடைக்கின்றன. வீட்டில் செய்த உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய் போன்ற இறைச்சிப் பண்டங்களையும் கொண்டுவர வேண்டாம். எந்த நாட்டிலிருந்து எந்த இறைச்சியைக் கொண்டுவரலாம் என்பதைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பயணத்துக்கு முன் அதைப் பார்த்துக்கொண்டால் விமான நிலையத்தில் அம்மாவின் கைப்பக்குவத்தைக் குப்பைத்தொட்டியில் போடும் நிலை வராது.

மற்றபடி பருப்பு, புளி, அப்பளம், வற்றல் எல்லாம் இங்கே கிடைப்பதால் இருபது கிலோ எடையில் அவற்றைச் சுமந்து வருவது வீண். வீட்டில் வறுத்து அரைத்த குழம்புப் பொடியை மட்டும் கொண்டுவாருங்கள். அதைக் கடையில் வாங்க முடியாது. மாவரைக்கும் கிரைண்டரைக் கொண்டுவர விரும்புவோர் தாராளமாகக் கொண்டுவரலாம்: மின்னழுத்தம் இங்கும் 230 வோல்ட்தான், ஆனால் செருகி மூன்று சதுரக் கால் கொண்டது என்பதால் ஓர் இணைப்பி தேவைப்படும். இன்னொன்று, இங்கே மார்கழி என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் புழுக்கம் என்பதால், ஊரில் இரவு முழுக்கக் காத்திருந்து பொங்கவைத்த மாவு இங்கே ஆறேழு மணி நேரத்தில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடையில் வழிந்துவிடும். நான் வந்த முதல் வாரத்தில் அப்படி வழிந்த மாவை விடியற்காலை நான்கு மணிக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். அளவு உப்பும் பாதி நிரம்பிய பாத்திரமும் போதும். பொங்கியவுடன் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

தேக்கா

தமிழர்கள் வாய்நிறையச் சொல்லும் தேக்கா என்ற பெயர் தமிழ் அன்று. ஹொக்கியன் சீனத்தில் அதற்கு மூங்கிலடி என்று பொருள். மலாய்க்காரர்கள் அந்த வட்டாரத்தைக் கண்டாங் கெர்பாவ் என்றார்கள், அதாவது எருமைக் கொட்டில். அருகிலுள்ள கேகே மருத்துவமனையின் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகளும் அந்தக் கொட்டிலைக் குறிப்பவைதாம். சந்தையை ஒட்டிய பஃபலோ சாலையின் பெயரும் அங்கிருந்து வந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடை வணிகம் அங்கே செழித்து, அதையொட்டிப் பால்காரர்களும் வண்டிக்காரர்களும் குடியேற, அவர்களுக்குச் சோறுபோடக் கடைகள் தோன்றின. ஆக, ஒரு சீனப் பெயரும் ஒரு மலாய்ப் பெயரும் தாங்கிய இடத்தில்தான் நாம் முருங்கைக்காய் வாங்குகிறோம். இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

இப்போதுள்ள தேக்கா நிலையம் 1982இல் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடி நிலையமும் அருகருகே இருக்கின்றன. கீரை, வாழைப்பூ, சுண்டைக்காய், பிஞ்சுக் கத்தரிக்காய், நெத்திலி, வஞ்சிரம், ஆட்டிறைச்சி என்று வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஈரச்சந்தை நண்பகலுக்குப் பிறகு ஓய்ந்துவிடும். திங்கட்கிழமைகளில் பல கடைகள் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நெரிசல் மிகுதி. வார நாளில் காலை எட்டு மணிக்குப் போவது உத்தமம். கடைக்காரரை அண்ணே, அக்கா என்றோ, தமிழ் முஸ்லிமாக இருந்தால் பாய் என்றோ அழைக்கலாம்; சீனக் கடைக்காரர் அங்கிள் அல்லது ஆன்டி. காய்கறியை நகத்தால் கீறிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், முகம் சுளிப்பார்கள்.

இந்நாட்டின் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஆட்டிறைச்சி பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறி. வெள்ளாட்டின் ருசியை எதிர்பார்த்துக் குழம்பு வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும், கொழுப்பைக் கொஞ்சம் கழித்து மிளகைக் கூட்ட வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது பொன்னி அரிசியின் நிலை என்னவாகுமோ என்று பலர் கவலைப்பட்டார்கள். பிறகு சிங்கப்பூருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நம் சோற்றுத்தட்டு இரண்டு அரசுகளின் கையில் இருக்கிறது என்பது அப்போது உறைத்தது.

புரோட்டாவும் பிராட்டாவும்

ஈசூனில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் காலை ஆறரை மணிக்கெல்லாம் கல் சூடேறிவிடும். எண்ணெயில் ஊறிய மாவுருண்டையைப் பாய் உள்ளங்கையால் தட்டி, இரு விரல் நுனியில் பிடித்துக் காற்றில் இரண்டு சுழற்று சுழற்றினால் அது மெல்லிய துணிபோல் விரியும். நான்கு பக்கமும் மடித்துக் கல்லில் போடுவார். நம் ஊர் புரோட்டாவைப் போலச் சுருள் சுருளாகச் சுற்றி வைப்பதில்லை. தட்டில் வந்ததும் அருகே ஒரு கிண்ணத்தில் மீன் கறியோ பருப்புக் கறியோ இருக்கும். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் அதைச் சீனியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சால்னா எங்கே என்று கேட்காதீர்கள். முட்டையோ வெங்காயமோ வேண்டாம், வெறும் பிராட்டா போதும் என்றால் கோசோங் என்று சொல்ல வேண்டும். மலாயில் அதற்கு வெறுமை என்று பொருள். அதே சொல்லைத் தேநீருக்குச் சொன்னால் சீனி இல்லாமல் வரும். தே என்றால் கெட்டிப்பாலும் இனிப்பும் சேர்ந்த தேநீர், தே-ஓ என்றால் பால் சேராதது, தே-சி என்றால் இனிப்பில்லாத டின் பாலோடு சீனி சேர்த்தது, தே ஹாலியா என்றால் இஞ்சித் தேநீர். ஆற்றி நுரை எழுப்பித் தருவது தே தாரிக். நம் ஊர் டீ மாஸ்டரின் கை அசைவை அதில் கண்டுகொள்வீர்கள்.

கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்து வந்து தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் இந்தக் கடை மரபில் பெரும்பங்கு வகித்தவர்கள். குடியிருப்புப் பேட்டைகளில் சீப்பு முதல் பிஸ்கட் வரை விற்கும் சிறு கடைக்கு எல்லா இனத்தவரும் மாமா கடை என்றுதான் சொல்வார்கள்; அந்த மாமா நம் மாமாவேதான். இந்தியன் ரோஜாக் என்ற பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய வடை, பொரித்த உருளைக்கிழங்கு, இறால் மாவுப் பண்டங்களை வெட்டிச் சூடாக்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மிளகாயும் சேர்ந்த இனிப்புக் குழம்போடு தருவதும், சீன நூடுல்ஸை மிளகாய் விழுதில் சிவக்க வறுத்து மீ கோரெங் ஆக்குவதும் அவர்களுடைய கைவண்ணம். இந்தியன் என்று பெயர் இருந்தாலும் அவற்றை இந்தியாவில் தேடினால் கிடைக்காது. முழுப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடும் இறால் வடையும் அப்படியே. இடியாப்பம் இங்கே புட்டு மாயம். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் துருவிய தேங்காயும் ஆரஞ்சு நிறச் சீனியும் வைத்துத் தருவார்கள். அந்த நிறத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் புதிதாக வந்தவர்களில் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

மீன்தலைக் கறியின் கதை இதைவிடச் சுவையானது. 1950 வாக்கில் சோஃபியா சாலையில் உணவகம் நடத்திய கோமஸ் என்ற மலையாளி, மீனின் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம் புளிக்குழம்பில் போட்டுச் சமைத்ததிலிருந்து அது பிறந்தது என்பார்கள். இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை விரித்துப் பரிமாறும் உணவகங்களில் ஊரிலிருந்து வரும் உறவினருக்கு நாம் பெருமையாக வாங்கிக்கொடுப்பது இதைத்தான். நம் ஊரில் மீன்தலை வீட்டுக்குள்ளேயே பங்கு போடப்படும். விருந்தாளியின் இலையில் நடுத்துண்டுதான் விழும்.

சொற்களும் இப்படித்தான் கடல் கடந்திருக்கின்றன. மலாய்க்காரர் கடையைக் கெடாய் என்பதும், மாங்காயை மங்கா என்பதும், கறியைக் காரி என்பதும், புட்டைப் புத்து என்பதும் தமிழிலிருந்து போனவை. நாம் இங்கே மிளகாய்த் துவையலைச் சம்பால், நெத்திலியை இக்கான் பிலிஸ், பனைவெல்லத்தைக் குலா மெலாக்கா என்று சொல்லப் பழகுவது அந்தக் கொடுக்கல் வாங்கலின் மறுபக்கம்.

எந்த ஊர்?

வந்த இரண்டாம் மாதத்தில், உடன் வேலைபார்த்த ஓர் அக்கா என்னைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். நான்காம் தலைமுறைச் சிங்கப்பூரர். இலையில் சோறு, உருளைக்கிழங்கும் கேரட்டும் மிதந்த சாம்பார், கோழி வறுவல், ஓரத்தில் நெத்திலிச் சம்பால். வாயை அடக்கத் தெரியாத வயது எனக்கு. “அக்கா, எங்க ஊர்ல சாம்பார் இப்படி இருக்காது” என்றேன். அவர் கோபப்படவில்லை. கரண்டியைக் குழம்புக்குள் வைத்தபடியே, “தம்பி, எங்க பாட்டி வச்ச சாம்பார் இது. எங்களுக்கு இதுதானே ஊரு?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

ஊர் என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் புழங்குகிறது. ஊருக்குப் போனீர்களா என்று உள்ளூர்த் தமிழர் நம்மைக் கேட்டால் தமிழ்நாட்டைக் குறிக்கிறார். ஊர்க்காரர் என்று நம்மைச் சொல்லும்போது அதில் அன்பும் இருக்கலாம், சிறு விலகலும் இருக்கலாம். அவர்களுடைய சமையலைச் சுத்தமில்லாத தமிழ்ச் சாப்பாடு என்று நாம் எடைபோடும் ஒவ்வொரு முறையும் அந்த விலகல் கூடுகிறது. உண்மையில் இங்குள்ள தமிழ்ச் சமையலுக்கு நம் அடுக்களைக்கு உள்ளதைப் போன்றே வயதும் வரலாறும் உண்டு. சிராங்கூன் வட்டாரத்துச் சைவ உணவகங்களான ஆனந்த பவன் 1924இலும் கோமள விலாஸ் 1947இலும் தொடங்கப்பட்டவை; சிங்கப்பூர் தனிநாடானதோ 1965இல். இன்று சென்னையில் கொடிகட்டிப் பறக்கும் பல உணவகங்கள் அப்போது பிறக்கவே இல்லை. நாம் ஊர் ருசி என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது பெரும்பாலும் நாம் விமானம் ஏறிய ஆண்டின் ருசி, அவ்வளவுதான்.

அதே அக்காவின் வீட்டுக்குப் பின்னொருநாள் மரவள்ளிக்கிழங்கு அடை செய்து எடுத்துப்போனேன். அப்போது எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்த அவருடைய மாமியார், தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜப்பானியர் இந்நாட்டை 1942 முதல் 1945 வரை ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்றே உயிர்பிழைத்த தலைமுறை அது. “அந்தக் கெழங்க இந்த வீட்டுக்குள்ள ஏத்தறதில்லப்பா” என்றார். எனக்குப் பாட்டி வீட்டு நினைவைத் தரும் பண்டம் அவருக்குப் பசியின் நினைவைத் தந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் குடும்பங்களிலோ இந்தக் கணக்கு மீண்டும் மாறும். அவர்களுடைய புட்டும் சொதியும் வறுத்த மிளகாய்த்தூளும் தனி மரபு, அதை நம் சமையலின் கிளை என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

உணவங்காடி நிலையத்தில்

தெருவோரத்தில் வண்டியிலும் கூடையிலும் விற்றவர்களை 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் கூரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள கட்டடங்களுக்கு மாற்றியதிலிருந்து உருவானவை உணவங்காடி நிலையங்கள். திரையரங்க வாசலில் கடலையையும் கொண்டைக்கடலையையும் காகிதக் கூம்பில் கட்டி விற்ற கச்சாங் பூத்தே வியாபாரிகள் பெரும்பாலும் தமிழர்களே. அவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். இந்த உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்சாதன உணவகங்களில் விலைப்பட்டியலுக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்வது வழக்கம் என்பதால், மாதச் செலவை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு உணவங்காடியே கதி.

இடம் பிடிக்க மேசையில் கைத்தாள் பொட்டலம் வைத்திருந்தால் அதை யாரோ மறந்துவிட்டுப் போனதாக எண்ணி எடுத்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பேருந்தில் துண்டு போடுவதைப் போன்றது அது. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் இது உணவங்காடி நிலையங்களில் கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். தட்டு வைக்கும் அடுக்கு இரண்டு இருக்கும்: ஒன்று ஹலால் கடைத் தட்டுகளுக்கு, மற்றது ஏனையவற்றுக்கு. இதில் தவறு செய்யாதீர்கள். பன்றி இறைச்சி பட்ட தட்டை ஹலால் அடுக்கில் ஏன் வைக்கக் கூடாது என்பது, எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு விளங்காத விஷயம் ஒன்றுமில்லை. பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்று ஒரு கடை எழுதிவைத்திருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. சான்றிதழை இஸ்லாமிய சமய மன்றம் வழங்குகிறது.

சைவ உணவுக்காரர்களுக்குச் சற்று எச்சரிக்கை. சீனக் கடையில் சோற்றுக்குத் துணையாக அடுக்கிவைத்திருக்கும் கீரையும் கத்தரிக்காயும் பார்வைக்குச் சைவமாகத் தெரிந்தாலும் அவற்றில் சிப்பிச் சாறோ காய்ந்த இறாலோ சேர்ந்திருக்கக்கூடும். மலாய்ச் சம்பாலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். சீனச் சைவக் கடைகள் தனியே உண்டு. பௌத்த மரபின்படி பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை, ஆனால் கோதுமைப் புரதத்தை வாத்துபோலவும் பன்றிபோலவும் வடித்துத் தட்டில் வைப்பார்கள். என் தாயார் வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு வெறும் சோற்றோடு எழுந்துவிட்டார். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்பதே நல்லது; யாரும் தவறாக நினைப்பதில்லை. பெருவிரைவு ரயிலில் சாப்பிடுவதும் குடிப்பதும் குற்றம், அபராதம் 500 வெள்ளி வரை போகலாம்.

வேலை அனுமதியில் வந்து தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளின் நிலை வேறு. அவர்களில் பலர் சாப்பிடுவது மாதக் கட்டணத்துக்குக் கட்டித்தரும் சாப்பாடு. விடியுமுன் சமைத்துப் பொட்டலம் கட்டிய சோறு, வேலையிடத்தில் நண்பகல் வரை புழுக்கத்தில் கிடக்கும். தேங்காய் சேர்ந்த குழம்பு முதலில் ஊசிப்போகும். பொட்டலத்தை நிழலில், தரையிலிருந்து உயரத்தில் தொங்கவிட்டு வையுங்கள், வாடை மாறியிருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை என்று கொட்டிவிடுங்கள். சமையலறை உள்ள விடுதியென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைப்பது எல்லா வகையிலும் மேல். ஞாயிறன்று லிட்டில் இந்தியாவுக்கு வந்து ஒரு வேளை இலையில் சாப்பிடுவதை வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் வார இறுதி முழுவதும் பொது இடத்தில் மது அருந்துவதற்குத் தடை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கறி வாசம்

வாடகைக்கு அறை தேடும்போது விளம்பரங்களில் லேசான சமையல் மட்டும் என்ற வரியைக் காண்பீர்கள். முட்டை அவிப்பது லேசான சமையல். வெங்காயம் தாளிப்பது அப்படியா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் மீன் வறுத்தேன். நான்காம் வாரம் வேறு அறை தேடினேன். நம் சமையலைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பவர்களும் உண்டு. அது வலிக்கும், அதற்காகத் தாளிப்பை மறந்துவிட வேண்டியதில்லை.

2011 ஆகஸ்டில் நாளேட்டில் ஒரு செய்தி வெளிவந்தது. சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசத்தைத் தாங்க முடியவில்லை என்று முறையிட்டதாகவும், சமரசப் பேச்சில் அந்தச் சீனக் குடும்பத்தார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கறி சமைக்க இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டதாகவும் அதில் இருந்தது. நடந்தது அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. என்றாலும் செய்தியைப் படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமையன்று எல்லோரும் ஒரு சட்டிக் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு கிளம்பியது. பல்லாயிரக்கணக்கானோர் அதில் இணைந்தார்கள். இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது, கொதித்தவர்களில் பலர் இந்தியர் அல்லர் என்பதே. சீனர் ரொட்டியில் தொட்டுச் சாப்பிடும் கோழிக் கறி, ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழிவந்த யூரேசியரின் டெவில் கறி, மலாய்க்காரரின் தேங்காய்ப்பால் கறி என்று அவரவருக்கு ஒரு கறி இருக்கிறது. எங்கள் கறியைப் பற்றிப் பேச நீ யார் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். எங்கள் என்ற அந்தச் சொல்லில் நாம் மட்டும் இல்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்வது வழக்கம். நீங்கள் மல்லியும் மிளகாயும் வறுத்தால் அந்த நெடி மேல்மாடிக்காரரின் படுக்கை விரிப்பில் போய் உட்காரும். ஆகவே வறுக்கும் வேலையைத் துணி காயாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக, சீனரின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காக எரிக்கும் காகிதங்களின் சாம்பல் உங்கள் வற்றல் தட்டில் விழும். ஊதிவிட்டு உள்ளே எடுத்துவையுங்கள்.

விழா நாள்கள்

பொங்கலுக்கு முன் கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் மஞ்சள் கொத்தும் வந்து குவியும். மாடுகளையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நகரத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் அன்னதானம் நடக்கும். தனியாக வந்திருப்பவர்கள் அங்கே போய் வரிசையில் உட்கார்ந்தால் ஒரு வேளைக்காவது தனிமை தெரியாது. நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள்.

தீபாவளிக்கு எல்லா இனத்து நண்பர்களும் வீட்டுக்கு வருவார்கள். நீங்களும் அழைக்க வேண்டும். முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் ஹலால் சான்றிதழ் பெற்ற கடையிலிருந்து பிரியாணி வரவழைப்பது இங்கே பலரின் வழக்கம். உள்ளூர்த் தமிழர் வீடுகளில் முறுக்குக்கும் அச்சு முறுக்குக்கும் பக்கத்தில் அன்னாசிப்பழ டார்ட் ஜாடியும் இருக்கும், அதை விருந்தின் ஓட்டை என்று எண்ணாதீர்கள். பிள்ளைகள் பள்ளி உணவகத்தில் கோழிச் சோறு பழகிவந்து வீட்டு ரசத்தைத் தள்ளிவைத்தால் பதற வேண்டாம். என் மகன் பன்னிரண்டு வயது வரை அப்படித்தான் இருந்தான், இப்போது ரசத்தில் பண்டான் இலை போட்டுப் பார்க்கிறான். நன்றாக இல்லை, ஆனாலும் குடித்தேன்.

அண்டை வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலாய்க் குடும்பம் வெளி வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததை ஏற்குமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதல் முறை கேட்டுவிட்டு, கடையில் வாங்கிய ஹலால் இனிப்பைக் கொடுத்தால் இருவருக்கும் சங்கடமில்லை. சீனப் புத்தாண்டுக்கு வரும் பண்டங்களில் முட்டையோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம், சைவர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு பிறகு விசாரிக்கலாம். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம் மட்டுமன்று, எதிர்வீட்டு மக்சிக்கும், அதாவது மலாய் அத்தைக்கும், அதேதான். நோன்புப் பெருநாளுக்கு அவர் கெத்துப்பாட் என்னும் ஓலையில் பொதிந்து வேகவைத்த சோற்றுக் கட்டிகளை அடுக்கிக் கொடுத்த நீல மூடி டப்பா என் அலமாரியில் இருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம், அதற்குள் அதிரச மாவு பதம் வந்துவிட வேண்டும்.